பனிச்சரிவின் உச்சியில் ஒரு பாடகர்: பிரபலங்களின் ஸ்கீ ஜம்ப் போட்டியைப் புரிந்துகொள்ள

ராத்திரி நேரம், ஆஸ்திரியாவில் ஒரு மலைக்கிராமம். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகப் பளபளக்கும் ஒரு சரிவு. அதன் உச்சியில் குறுக்கே போட்டிருக்கும் கம்பின் மேல் ஒரு பாடகர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் ஹெல்மெட், காலில் ஸ்கீ எனப்படும் நீளமான சறுக்குப் பட்டைகள். கையில் ஊன்றுகோல் கிடையாது. எதிரே, இரண்டு தண்டவாளம் போலப் பனியில் கீறப்பட்ட தடங்கள் கீழே ஓடித் திடீரென்று முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் வெறும் காற்றுதான். கேமரா அவர் முகத்துக்கு அருகில் வருகிறது. பல லட்சம் வீடுகளில் இது அந்த நிமிடமே ஓடிக்கொண்டிருக்கிறது. சில வாரங்களுக்கு முன்புவரை ஸ்கீ ஜம்ப் என்றால் என்னவென்றே அறியாதவர், இப்போது கம்பிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2014 முதல் 2017 வரை நான்கு தொடர்களாக ஒளிபரப்பிய 'தி ஜம்ப்' நிகழ்ச்சியின் மையக் காட்சி இது. பிரபலங்களைக் குளிர்கால விளையாட்டில் இறக்கி நேரலையில் காட்டும் வகைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பனியையே பார்க்காதவர்களுக்கும் புரியும்படி, அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

எப்படி நடக்கும்?

முதல் தொடர் 2014 ஜனவரி 26 அன்று தொடங்கியது. இடம், இன்ஸ்ப்ருக் நகருக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் க்யூதாய். தொகுத்து வழங்கியவர் டவீனா மெக்கால். பாடகர்கள், நடிகர்கள், டிவி முகங்கள், ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்கள் என்று ஒரு கலவையான கூட்டத்தை அழைத்து வந்து, சில வாரம் பயிற்சி கொடுத்து, பல விதமான பனி விளையாட்டுகளில் மோதவிட்டார்கள். கொடிக்கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், பலர் ஒன்றாகப் புறப்பட்டு முந்தும் ஸ்கீ கிராஸ், பனிக்குழாய்க்குள் குப்புறப் படுத்து வழுக்கிப் போகும் ஸ்கெலட்டன், அதே போன்ற பாதையில் வண்டிக்குள் உட்கார்ந்து இறங்கும் பாப்ஸ்லெட் எல்லாம் உண்டு.

இதில் பின்தங்கியவர்கள் அன்று ராத்திரி ஸ்கீ ஜம்ப் மேடைக்குப் போக வேண்டும். அங்கே நேரலையில் தாண்டி, குறைந்த தூரம் தாண்டியவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். தாண்டும் மேடை மூன்று அளவுகளில் இருந்தது. எதில் ஏறுவது என்பது அவரவர் முடிவு. பெரியதில் ஏறினால் தூரம் கூடும், ஆனால் அங்கே ஏறுவதற்கே துணிச்சல் வேண்டும். சின்னதில் பயம் குறைவு, எதிராளி பெரியதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிழைப்பதற்கான வாய்ப்பும் குறைவு.

நமக்குப் பழக்கமான எலிமினேஷன் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால் இதன் வித்தியாசம் சட்டென்று புரியும். பாட்டுப் போட்டியிலும் நடனப் போட்டியிலும் நடுவர் மார்க் உண்டு, ரசிகர் ஓட்டு உண்டு. யாருக்கு ரசிகர் கூட்டம் அதிகமோ அவர் சுமாராக ஆடினாலும் தாக்குப்பிடிப்பார். முடிவு வந்தபின் 'நியாயமில்லை' என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். ஸ்கீ ஜம்ப்பில் அதற்கு இடமே கிடையாது. மீட்டர் கணக்கு, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும் ஓர் அங்குலம்கூடக் கூடாது. புகழ் எதற்குமே உதவாத ஒரு பத்து விநாடியை நேரலையில் காட்டியதுதான் இந்த நிகழ்ச்சியின் பெரிய பலம். எனக்கு இது பிடித்துப்போன காரணமும் அதுதான்.

ஸ்கீ ஜம்ப் என்றால் மேலே எகிறுவது அல்ல

முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஜம்ப் என்றவுடன், சரிவின் முடிவில் மேல்நோக்கி ஒரு வளைவு இருக்கும், அது ஆளைத் தூக்கி வீசும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. புறப்படும் மேடையின் கடைசிப் பகுதியும் கீழ்நோக்கித்தான் சரிந்திருக்கும். ஒலிம்பிக் அளவு மேடைகளில் அந்தச் சரிவு சுமார் 10, 11 டிகிரி. தாண்டுபவர் தன் கால் பலத்தால் ஓர் உந்து கொடுத்து எழும்புகிறார். மற்றபடி அவர் பறந்துகொண்டே விழுகிறார்.

அப்படியானால் ஏன் உடம்பு நொறுங்கிப் போவதில்லை? விடை இறங்கும் சரிவில் இருக்கிறது. அவர் காற்றில் போகும் பாதை எப்படி வளைகிறதோ, ஏறக்குறைய அதே போலத் தரையும் வளைந்து வளைந்து கீழே போகிறது. டிவியில் பார்க்கும்போது மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்குள் பாய்வது போலத் தோன்றும். உண்மையில் பெரிய மேடைகளில்கூட அவருக்கும் கீழே இருக்கும் பனிக்கும் இடையில் பெரும்பாலும் சில மீட்டர்தான். தரையைத் தொடும்போது அவர் போகும் திசையும் தரை சரியும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரிந்தவர்களைப் பாருங்கள். பஸ் போகும் திசையிலேயே நாலடி ஓடித்தான் நிற்பார்கள். அதே பஸ்ஸிலிருந்து குத்துக்காலாகக் குதித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஸ்கீ ஜம்ப் சரிவு முதல் வகையைப் போல வேலை செய்கிறது. விழும் வேகம் அடியாக மாறாமல் ஓட்டமாக மாறிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. சரிவு எல்லையில்லாமல் போக முடியாது, ஓர் இடத்தில் தட்டையாகத் தொடங்கியே ஆக வேண்டும். சரிவின் செங்குத்தான பகுதி முடிந்து தரை தட்டையாகத் தொடங்கும் அந்தக் கட்டத்தைத்தான் கே புள்ளி என்கிறார்கள். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த எழுத்து அது. கே 120 என்றால், புறப்படும் விளிம்பிலிருந்து அந்த இடம் 120 மீட்டர். அதைத் தாண்டிப் போய் விழுந்தால் தூரம் கூடும். ஆனால் தட்டையான தரை என்பதால் முழங்கால்மேல் விழும் அடியும் கூடும். ஒலிம்பிக்கில் இரண்டு அளவு மேடைகள் உண்டு: கே புள்ளி 90 மீட்டரை ஒட்டி இருக்கும் சாதாரண மேடை, 120 மீட்டரை ஒட்டி இருக்கும் பெரிய மேடை. பெரிய மேடையில் வீரர்கள் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் விளிம்பை விடுகிறார்கள். பிரபலங்கள் தாண்டியது இவற்றைவிட மிகவும் சிறிய மேடைகளில். குழந்தைகளும் இளையவர்களும் பழகுவதற்கென்றே அந்த அளவு மேடைகள் இருக்கின்றன. ஆனால் சின்ன மேடை என்று கேட்கும்போது தோன்றும் எண்ணத்துக்கும் அதன் உச்சியில் உட்காரும்போது தோன்றும் எண்ணத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

இன்ஸ்ப்ருக் நகரத்தின் பெரிய மேடை பெர்கிசெல் குன்றின்மேல் இருக்கிறது. இப்போதுள்ள கோபுரத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத். அங்கே உச்சியில் உட்காரும் வீரருக்கு நேர் எதிரே, நகரத்தின் கூரைகளுக்கு முன்னால், வில்ட்டன் பகுதியின் கல்லறைத் தோட்டம் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் நான்கு மேடைப் போட்டியில் உலகின் சிறந்த வீரர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்.

விளையாட்டாக நடக்கும் ஸ்கீ ஜம்ப்பில் தூரம் மட்டும் போதாது. கே புள்ளியைத் தொட்டால் 60 புள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் கூடுதல் புள்ளி. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை அழகுக்கு மார்க் போடுவார்கள். அதிகமானது ஒன்றையும் குறைவானது ஒன்றையும் கழித்துவிட்டு நடுவில் இருக்கும் மூன்றை மட்டும் கூட்டுவார்கள். தரையிறங்கும்போது ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, கைகளை விரித்து நிற்க வேண்டும். டெலிமார்க் என்று பெயர். அப்படி இறங்காவிட்டால் மார்க் குறையும். பிரபலங்களின் போட்டியில் இதையெல்லாம் யாரும் எதிர்பார்க்க முடியாது. நின்றாலே பெரிய விஷயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றில் இருக்கும்போது ஸ்கீக்களை வி எழுத்து போல விரித்து வைப்பதை ஒலிம்பிக் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் இரண்டையும் ஒட்டி இணையாக வைப்பதுதான் அழகு என்று இருந்தது. 1980களில் ஸ்வீடன் வீரர் யான் போக்லோவ் வி வடிவில் தாண்டத் தொடங்கினார். அழகில்லை என்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். ஆனால் அடியில் காற்று கூடுதலாகத் தாங்கியதால் தூரம் கூடியது. சில ஆண்டுகளில் எல்லோரும் அவர் வழிக்கு வந்துவிட்டார்கள். முதல்முறை தாண்டும் நடிகரோ பாடகரோ இதற்கெல்லாம் போவதில்லை. உடம்பைக் குறுக்கி, முன்னே சாய்ந்து, காலைச் சேர்த்து வைத்து நேராகப் போய் இறங்கினால் போதும். முன்னே சாய்வதுதான் அதில் கடினம். பயந்த உடம்பு தானாகவே பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ முன்னே ஓடிவிடும், ஆள் முதுகு அடிபட விழுவார்.

பிரிட்டனுக்கு ஏன் இந்த ஆசை?

பிரிட்டனில் ஒலிம்பிக் அளவு ஸ்கீ ஜம்ப் மேடை கிடையாது. பெரிய பனிமலைகளும் கிடையாது. ஆனாலும் ஸ்கீ ஜம்ப் என்றதும் அந்த நாட்டில் எல்லோருக்கும் ஒருவர் முகம் நினைவுக்கு வரும். மைக்கேல் எட்வர்ட்ஸ், எல்லோரும் அழைப்பது எடி 'தி ஈகிள்' என்று. பூச்சு வேலை செய்தவர். கையில் பணமில்லை, கண்ணில் தடிமனான கண்ணாடி, அதுவும் குளிரில் ஆவி படிந்துவிடும். மற்ற வீரர்களைவிட உடல் எடையும் அதிகம். 1988 கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஒரே ஸ்கீ ஜம்ப் வீரராகப் போய், இரண்டு பிரிவிலும் கடைசி இடம் பிடித்தார். ஜெயித்தவர்களை மறந்தவர்களுக்கும் இவரை நினைவிருக்கிறது. அதன்பின் ஒலிம்பிக்கில் நுழையச் சர்வதேசப் போட்டிகளில் குறிப்பிட்ட இடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று விதியைக் கடுமையாக்கினார்கள். அவர் பெயராலேயே அந்த விதியை அழைக்கிறார்கள்.

எடியைக் கேலிப் பொருளாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அது ஒப்பவில்லை. 70, 90 மீட்டர் மேடைகளில் ஏறி, தாண்டி, முழுதாக இறங்கி நின்றவர் அவர். 'தி ஜம்ப்' நிகழ்ச்சியின் உணர்வு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். சாதாரண ஆள் ஒருவர் செய்யத் துணியாததைச் செய்வதைப் பார்க்கும் சந்தோஷம் அது. எடியே 2013இல் ஐடிவி என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடத்திய பிரபலங்களின் டைவிங் போட்டி ஒன்றில் வென்றார் என்பது கூடுதல் செய்தி.

2014க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. அதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஸ்கீ ஜம்ப்பே கிடையாது. ஆண்களுக்கு 1924 முதலே இருந்தது. பெண் உடலுக்கு மருத்துவ ரீதியில் இது உகந்ததல்ல என்ற பேச்சு சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் உச்சியிலேயே 2005இல்கூட ஒலித்தது. அந்தத் தடை நீங்கி, 2014 பிப்ரவரியில் சோச்சியில் ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட் முதல் தங்கத்தை வென்றார். 'தி ஜம்ப்' முதல் தொடர் தொடங்கியது அதற்குச் சற்று முன்புதான். பாடகிகளும் டிவி தொகுப்பாளினிகளும் ஆண்களுக்குச் சமமாக அதே மேடையில் தாண்டினார்கள். பெண்களுக்கு இது ஆகாது என்று தொண்ணூறு ஆண்டு வாதாடியவர்கள் அதைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாடைக்குக் கீழே பனிக்கட்டி

ஸ்கெலட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஸ்கீ ஜம்ப்பைவிட இதுதான் வயிற்றைக் கலக்கும். சிறிய, கனமான ஓர் இரும்புச் சட்டகம். அதன்மேல் குப்புறப் படுத்து, தலை முன்னால் இருக்க, வளைந்து வளைந்து போகும் பனிக்கட்டிக் குழாய்க்குள் இறங்க வேண்டும். பிரேக் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. தோளையும் முழங்காலையும் லேசாக அழுத்தித்தான் திசை மாற்ற வேண்டும். தாடைக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி. வளைவுகளில் உடம்பின் எடை பல மடங்கு கூடியது போல அழுத்தம் வரும். தலை தானாகக் கீழே போய் ஹெல்மெட்டின் தாடைப் பகுதி பனியில் உரசும். தேர்ந்த வீரர்கள் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். புதியவர்களை முழுப் பாதையிலும் விடுவதில்லை, கீழே ஓரிடத்திலிருந்து தொடங்கி வேகத்தைக் குறைப்பதுதான் வழக்கம்.

இன்ஸ்ப்ருக்குக்கு அருகில் இக்ல்ஸ் என்ற இடத்தில் இப்படி ஒரு பாதை 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்டது. மொத்தம் 14 வளைவுகள். பனி நாடே அல்லாத பிரிட்டன் இந்த விளையாட்டில் உலகத்தரம் என்பது ஆச்சரியமான விஷயம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் ஏமி வில்லியம்ஸ் ஸ்கெலட்டனில் வென்ற தங்கம். பிறகு லிசி யார்னால்ட் 2014, 2018 இரண்டிலும் தங்கம் வென்றார். நாட்டில் முழுப் பனிப்பாதை ஒன்றுகூட இல்லை. பாத் பல்கலைக்கழகத்தில் ஓடித் தள்ளிப் புறப்படும் முதல் சில விநாடிகளை மட்டும் பழகும் ஒரு தடம் இருக்கிறது. மிச்சத்தை வெளிநாட்டில் போய்த்தான் பழக வேண்டும். 'தி ஜம்ப்' பிரபலங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஏமி வில்லியம்ஸும் ஒருவர்.

காற்றுக்காகக் காத்திருப்பது

இந்த வகை நிகழ்ச்சியின் அடிப்படை முரண் நேரலைதான். ஸ்கீ ஜம்ப் காற்றை நம்பிய விளையாட்டு. எதிர்க்காற்று மெத்தை போலத் தாங்கித் தூரத்தைக் கூட்டும். பின்காற்று முதுகில் அழுத்திக் கீழே தள்ளும். குறுக்குக் காற்று எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. அதனால் உண்மையான போட்டிகளில் பச்சை விளக்கு எரியும்வரை யாரும் புறப்படக் கூடாது. காற்று அடங்கும்வரை வீரர் கம்பில் உட்கார்ந்திருப்பார். சில சமயம் இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்வார்கள். பனி அதிகமாகப் பெய்தால் தடத்தைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போகும். போட்டியையே மறுநாளுக்குத் தள்ளுவதும் உண்டு. அந்த விளையாட்டுக்குப் பொறுமை பழக்கம்.

தொலைக்காட்சிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒன்பது மணி நிகழ்ச்சி என்றால் ஒன்பது மணிக்கு ஓட வேண்டும். விளம்பர இடைவேளை குறித்த நேரத்தில் வர வேண்டும், முடிவு நிகழ்ச்சி முடிவதற்குள் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே மலையில் ஒரே ராத்திரியில் நடத்துவது லேசுப்பட்ட காரியம் அல்ல. மேலே இருப்பவருக்கோ காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கை விறைக்கும், கால் மரத்துப்போகும், மனம் அடித்துக்கொள்ளும். பதிவு செய்து வெட்டி ஒட்டிய நிகழ்ச்சியில் இதெல்லாம் மூன்று விநாடியில் போய்விடும். நேரலையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கம்பை விட்டபின் நிறுத்த வழியில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நடிகர்கள் பயத்தை நடிப்பதைப் பார்த்திருக்கிறோம். நடிகர் ஒருவர் பயத்தை மறைக்கப் பார்த்து முடியாமல் போவதை இங்கேதான் பார்க்கலாம்.

பூட்டும் முழங்காலும்

இனி, இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கவே முடியாத பகுதி. காயங்கள்.

மலையில் இறங்க அணியும் ஸ்கீ பூட்டை ஒருமுறை காலில் மாட்டிப் பார்த்திருக்கிறேன். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, அதை இறுக்க நான்கு உலோகக் கொக்கிகள். நான்கையும் பூட்டினால் கணுக்கால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் துளியும் அசையாது. நடந்தால் 'டொக் டொக்' என்று மரக்கால் போல ஒலிக்கும். முன்பக்கமாகக் கொஞ்சம் சாயலாம், அவ்வளவுதான். இதனால் கணுக்கால் உடைவது குறைகிறது. ஆனால் திருகும் விசை எங்கேயாவது போயாக வேண்டுமே? ஸ்கீ ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று விழும்போது அந்த விசை முழுவதும் மேலே ஏறி முழங்காலில் வந்து நிற்கிறது. பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பு, அதிக விசை வந்தால் தானாகக் கழன்றுகொள்ளும்படி செய்யப்பட்டதுதான். எடைக்கும் திறமைக்கும் ஏற்ப அதைச் சரி செய்து தருவார்கள். என்றாலும் மெதுவாகத் திருகி விழும் விழுகைகளில் அது கழலாமலே இருந்துவிடலாம். முழங்காலின் தசைநார் கிழிவது ஸ்கீயில் அடிக்கடி கேட்கும் செய்தியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

'தி ஜம்ப்' முதல் தொடரிலேயே, ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து துடுப்புப் படகுத் தங்கம் வென்ற ஸ்டீவ் ரெட்கிரேவ் கை எலும்பு உடைந்து விலகினார். 2016இல் நடந்த மூன்றாவது தொடர்தான் மிகவும் மோசம். பெய்ஜிங்கில் இரண்டு நீச்சல் தங்கம் வென்ற ரெபெக்கா அட்லிங்டனுக்குத் தோள்மூட்டு விலகியது. நடிகை டீனா ஹோப்லிக்கு முழங்கை விலகியது. 100 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் லின்ஃபோர்ட் கிறிஸ்டி தொடைத்தசைக் காயத்தால் விலகினார். ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று முறை உலக சாம்பியனான பெத் ட்வெடிலுக்குப் பயிற்சியின்போது கழுத்து முள்ளெலும்புகள் முறிந்தன. இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயரத்தில் கம்பியை விட்டுக் காற்றில் புரண்டு மறுபடி அதே கம்பியைப் பிடித்தே வாழ்ந்தவர் அவர். அவருக்கே இந்தக் கதி. 2017 தொடரில், 2012 டூர் டி பிரான்ஸ் வென்ற சைக்கிள் வீரர் பிராட்லி விக்கின்ஸ் பயிற்சியில் கால் எலும்பு முறிந்து வெளியேறினார். அந்தத் தொடருக்குப் பிறகு நிகழ்ச்சி திரும்பவில்லை.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். அடிபட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒலிம்பிக் வீரர்கள். எனக்குத் தோன்றுவது இது: வீரர்களின் உடம்பு சொன்னதைக் கேட்கும், வேகத்துக்கும் அஞ்சாது. தோற்பதும் அவர்களுக்குப் பிடிக்காது. அதனால் பனியில் நிற்கும் பக்குவம் வருவதற்கு முன்பே அவர்கள் வேகத்துக்குப் போய்விடுகிறார்கள். நீச்சலில் வலுவான தோள் பனியில் எப்படி விழ வேண்டும் என்று கற்றிருக்காது. நான்கு தொடர்களை வென்றவர்களைப் பார்த்தாலும் இது புரியும். பாடகர் ஜோ மெக்எல்டெரி, ரியாலிட்டி டிவி முகம் ஜோயி எசெக்ஸ், ரக்பி வீரர் பென் கோஹென், மறுபடி ரியாலிட்டி டிவியிலிருந்து ஸ்பென்சர் மேத்யூஸ். நால்வரில் ஒருவர்தான் விளையாட்டு வீரர்.

நார்வேயிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் ஐந்தாறு வயதில் வீட்டுப் பக்கத்துச் சின்ன மேட்டில் தாண்டத் தொடங்குகிறார்கள். ஒரு குளிர்காலத்தில் எத்தனை முறை விழுந்தார்கள் என்று எண்ணவே முடியாது. உயரம் குறைவு, உடம்பு லேசு, எலும்பு இளசு. விழுந்து விழுந்துதான் விழக் கற்கிறார்கள். அதையே முப்பது நாற்பது வயதில், கனத்த உடம்போடு, சில வாரத்தில் கற்கச் சொல்வது கஷ்டம். இப்படி ஒரு நிகழ்ச்சி மீண்டும் வந்தால் மேடையைச் சின்னதாக்குவதைவிடப் பயிற்சி மாதங்களைக் கூட்டுவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அதனால் எந்தச் சுவையும் குறையாது.

சொந்தக்காரர்கள்

இதே வகையில் வேறு முறையில் நடந்தவையும் உண்டு. ஐடிவி 2006இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நிறுத்தி, 2025 வரை ஒளிபரப்பிய 'டான்சிங் ஆன் ஐஸ்' இன்னும் பிரபலமாக இருந்தது. அதில் பிரபலம் ஒருவர் தேர்ந்த ஸ்கேட்டிங் கலைஞரோடு ஜோடி சேர்ந்து ஆடுவார், நடுவர் மார்க்கும் ரசிகர் ஓட்டும் சேர்ந்து முடிவு செய்யும். கற்றுத்தந்த ஜெய்ன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இருவரும் 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் கலை நயத்துக்கு ஒன்பது நடுவர்களிடமும் முழு 6.0 வாங்கித் தங்கம் வென்றவர்கள். அங்கே பனித்தளம் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருந்ததால் காற்றும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

ஜெர்மனியில் ஸ்டெஃபான் ராப் என்ற தொகுப்பாளர் 2003இல் தொடங்கியது இன்னும் வித்தியாசமானது. சீனச் சமையல் வாணலியில் உட்கார்ந்து பாப்ஸ்லெட் பாதையில் இறங்கும் போட்டி. கேட்டால் விளையாட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் பனிச்சறுக்கு வண்டியில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற கியோர்க் ஹாக்கல் அதில் உட்கார்ந்து பல முறை ஜெயித்திருக்கிறார். வாணலி சுழலாமல் நேராகப் போக வைப்பது அவ்வளவு கடினம். கால் பனியில் உரசாமல் இருக்கப் பாதத்துக்கு அடியில் சூப் கரண்டியைக் கட்டிக்கொள்வார்கள். குழிவான பக்கம் மேலே, வழவழப்பான முதுகுப் பக்கம் பனியில் படும்படி.

சரி, எங்கே பார்ப்பது?

அடுத்த முறை டிவியிலோ யூடியூபிலோ ஸ்கீ ஜம்ப் வந்தால், அது ஒலிம்பிக்கோ பிரபலங்களின் போட்டியோ, காற்றில் பறக்கும் கணத்தை மட்டும் பார்க்காதீர்கள். முதலில் கம்பில் இருக்கும் கைகளைப் பாருங்கள். தேர்ந்த வீரர் இரண்டு கையாலும் லேசாகப் பிடித்திருப்பார், விளக்கு பச்சையானதும் நழுவிவிடுவார். புதியவர் ஒரு கையை எடுப்பார், மறுபடி வைப்பார். அப்புறம் விளிம்பை விடும் நொடியில் இடுப்பைப் பாருங்கள், முன்னே போகிறதா பின்னே தங்குகிறதா என்று. அதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். கடைசியாக, இறங்கி நின்றபின் முகம். தோற்று வெளியேறப் போகிறவர்கூட முதலில் திரும்பித் தான் இறங்கி வந்த சரிவைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். மீட்டர் பலகையைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.